யுஎஸ்பி சாதனத்தின் பெயரையும் சீரியல் நம்பரையும் கெர்னல் டிரைவரில் எப்படிச் சரியாகப் படிப்பது?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். லினக்ஸ் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனில் (சாதனத்தை டிரைவரிடம் ஒப்படைக்கும்போது கெர்னல் அழைப்பது), கண்ட்ரோல் கோரிக்கையை நேரடியாக அனுப்பும் யுஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி வழியாகச் சாதனத்தின் ப்ராடக்ட் பெயரைக் கேட்டால் முதல் எழுத்து மட்டும் பிரிண்ட் ஆகிறது. உரையைப் படித்துத் தரும் கெர்னல் ஃபங்ஷனான யுஎஸ்பி_ஸ்ட்ரிங்குக்கு மாறினால் ஒரு போர்டில் முழுப் பெயரும் உடனே வருகிறது. இன்னொரு போர்டில் 5 வினாடி தொங்கி நின்றுவிட்டு வருகிறது. சீரியல் நம்பர் கேட்டால் -22, அதாவது 'தவறான மதிப்பு' என்ற பிழை எண். மூன்று தனித்தனிப் பிழைகள் போலத் தெரிந்தாலும், அடியில் இருப்பவை இரண்டே கேள்விகள்: சாதனம் அனுப்பும் பைட்டுகள் எந்த வடிவத்தில் வருகின்றன, அவற்றைப் படிக்கும் பொறுப்பு உங்கள் டிரைவருடையதா, கெர்னலின் பொது யுஎஸ்பி பகுதியான யுஎஸ்பி கோருடையதா. இரண்டாவதற்கான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான டிரைவர்கள் எதையும் படிக்கத் தேவையில்லை, கோர் ஏற்கெனவே படித்து வைத்திருக்கிறது. படித்தே ஆகவேண்டும் என்றாலும் யுஎஸ்பி_ஸ்ட்ரிங்கையே அழையுங்கள். ஃபர்ம்வேர்களின் (சாதனத்துக்குள் ஓடும் மென்பொருள்களின்) நோய்கள் பலவற்றுக்கு அதற்குள் வைத்தியம் இருக்கிறது.

முதலில் பைட்டுகள். சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் விவரத் தொகுப்பான டிவைஸ் டிஸ்கிரிப்டர் 18 பைட் நீளம். அதில் பெயர் எதுவும் நேரடியாக இருக்காது. 0 முதல் எண்ணினால் 14ஆவது பைட் தயாரிப்பாளர் பெயருக்கான எண், 15ஆவது ப்ராடக்ட் பெயருக்கானது, 16ஆவது சீரியல் நம்பருக்கானது. கான்ஃபிகரேஷன் டிஸ்கிரிப்டரில் 6ஆவது பைட்டும் இன்டர்ஃபேஸ் டிஸ்கிரிப்டரில் 8ஆவது பைட்டும் இதே வேலையைச் செய்கின்றன. அந்த இடத்தில் 0 இருந்தால் 'அப்படி ஒரு உரை என்னிடம் இல்லை' என்று சாதனம் சொல்வதாகப் பொருள். 0 தவிர வேறு எண் இருந்தால் அந்த எண்ணைக் காட்டி ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டரைத் தனியாகக் கேட்க வேண்டும். எண் 2 என்றால் கண்ட்ரோல் கோரிக்கை ஹெக்ஸில் (16 அடிமான எண்களில்) இப்படி அமையும்: கோரிக்கை வகை 80, கோரிக்கை 06, வேல்யூ 0302, இண்டெக்ஸ் 0409. வேல்யூவின் மேல் பைட்டில் உள்ள 03 டிஸ்கிரிப்டர் வகை, கீழ் பைட் உரையின் எண். இண்டெக்ஸில் இருப்பது மொழிக் குறியீடு, 0409 என்றால் அமெரிக்க ஆங்கிலம். கடைசியாக எத்தனை பைட் வரை வாங்கத் தயார் என்ற நீளம். பின்னால் வரப்போகும் சிக்கலின் வேர் அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

யு, எஸ், பி என்ற மூன்று ரோமன் எழுத்துகள்தான் ப்ராடக்ட் பெயர் என்று வைத்துக்கொண்டால் சாதனம் அனுப்பும் பதில் ஹெக்ஸில் இது: 08 03 55 00 53 00 42 00. முதல் பைட் மொத்த நீளம் 8. இரண்டாவது பைட் வகை 3. அதன்பின் வருவது இரண்டு பைட் அலகுகளால் ஆன யுடிஎஃப்-16 எழுத்துக் குறியாக்கம், சிறிய பைட் முன்னால் வரும் லிட்டில் எண்டியன் வரிசை. இந்த பஃபரை சி மொழியின் சாதாரண சரமாக எண்ணி மூன்றாவது பைட்டிலிருந்து பிரிண்ட் செய்தால் 55 என்ற 'யு' மட்டும் வெளியே வரும். அடுத்த பைட் 00 என்பதால் சரம் அங்கேயே முடிந்துவிட்டதாக பிரிண்ட் ஃபங்ஷன் நிறுத்திக்கொள்ளும். உங்களுக்கு முதல் எழுத்து மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான், சந்தேகத்துக்கே இடமில்லை. பஃபரின் தொடக்கத்திலிருந்தே பிரிண்ட் செய்திருந்தால் நீள பைட்டும் வகை பைட்டும் முன்னால் குப்பையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சிலர் ஒன்று விட்டு ஒன்றாகப் பைட்டுகளைப் பொறுக்கி எடுப்பார்கள். ஆங்கிலப் பெயர் இருக்கும் வரை அது ஓடும். ஒரு ஜெர்மன் உச்சரிப்புக் குறியோ ஜப்பானிய எழுத்தோ வந்தால் உடையும். சரியான வழி யுடிஎஃப்-8ஆக மாற்றுவது, அதை யுஎஸ்பி_ஸ்ட்ரிங் தானே செய்து தருகிறது.

நீளக் கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம். நீளத்துக்கு ஒரே பைட் ஒதுக்கியிருப்பதால் உச்சம் 255. தலைப்பின் 2 பைட் போக, இரண்டிரண்டாக 126 யுடிஎஃப்-16 அலகுகள்தான் கொள்ளும். யுடிஎஃப்-8இல் ஓர் அலகு அதிகபட்சம் 3 பைட் ஆகும். தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் சரியாக 3 பைட். ஆக மோசமான நிலையில் 378 பைட்டும் முடிவுக்கு ஒரு 0வும் வேண்டும். கோர் தன் உபயோகத்துக்கு 382 பைட் எடுத்துக்கொள்கிறது, நீங்களும் அதையே எடுங்கள். 32 அல்லது 64 பைட் பஃபர் கொடுத்தால் யுஎஸ்பி_ஸ்ட்ரிங் பஃபரைத் தாண்டி எழுதாது, ஆனால் பெயர் வெட்டுப்படும்.

எண் 0 மட்டும் தனி ரகம். அதைக் கேட்டால் உரை வராது, சாதனத்துக்குத் தெரிந்த மொழிக் குறியீடுகளின் பட்டியல் வரும். அமெரிக்க ஆங்கிலம் மட்டும் தெரிந்த சாதனம் 04 03 09 04 என்று நான்கு பைட் அனுப்பும். இந்தியத் தமிழுக்கும் குறியீடு உண்டு, அது 0449. ஆனால் லினக்ஸ் கோர் பட்டியலின் முதல் மொழியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. 0409ஐ முதலிலும் 0449ஐ இரண்டாவதிலும் வைத்த சாதனத்தில் தமிழ்ப் பெயரை யுஎஸ்பி_ஸ்ட்ரிங் ஒருபோதும் கேட்காது. அது வேண்டுமென்றால் கண்ட்ரோல் கோரிக்கையை நீங்களேதான் எழுத வேண்டும். பட்டியல் வெறுமையாக வந்தால் கோர் 0409 என்று வைத்துக்கொள்ளும். பட்டியலைப் படிக்கும்போதே பிழை வந்தால், அந்தச் சாதனம் பிடுங்கப்படும்வரை எந்த உரையையும் மறுபடி கேட்காமல் கோர் -32ஐ (சாதனம் கோரிக்கையை மறுத்தது என்ற பிழை) திருப்பிக்கொண்டே இருக்கும். எல்லா உரைக்கும் -32 வருகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது எண் 0ஐத்தான்.

இனி நடைமுறைக்கு வருவோம். சாதனத்தைச் செருகியதும், எந்த டிரைவரின் ப்ரோப்பும் ஓடுவதற்கு முன்பே, கோர் மூன்று உரைகளையும் படித்து யுஎஸ்பி_டிவைஸ் ஸ்ட்ரக்ட்சரில் ப்ராடக்ட், மேனுஃபேக்சரர், சீரியல் என்ற மூன்று பாயிண்டர்களில் யுடிஎஃப்-8ஆக வைத்துவிடுகிறது. இன்டர்ஃபேஸிலிருந்து இன்டர்ஃபேஸ்_டு_யுஎஸ்பிடெவ் மூலம் ஸ்ட்ரக்ட்சரை எடுத்து, பாயிண்டர் 'நல்' (எதையும் சுட்டாத வெற்று பாயிண்டர்) இல்லை என்று உறுதி செய்துவிட்டுப் பயன்படுத்த வேண்டியதுதான். அந்தச் சோதனையை விடவே கூடாது. உரை இல்லாத சாதனத்திலும், உரை படிக்க முடியாத சாதனத்திலும் அது 'நல்'தான். சோதிக்காமல் ஒப்பிட்டால் கெர்னல் ஊப்ஸ் (கெர்னலுக்குள் நடக்கும் முறிவு) நிச்சயம். இந்த நினைவகம் சாதன ஸ்ட்ரக்ட்சர் விடுவிக்கப்படும்போது போய்விடும். டிஸ்கனெக்ட்டுக்குப் பிறகும் பெயர் தேவைப்படும் டிரைவர் ப்ரோப்பிலேயே ஸ்டர்ஸ்கோப்பி கொண்டு தன் பகுதிக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்டர்ஃபேஸின் பெயருக்கு இந்தக் குறுக்குவழியை நம்பாதீர்கள். இன்டர்ஃபேஸின் ஓர் அமைப்பைக் குறிக்கும் ஆல்ட்செட்டிங் ஸ்ட்ரக்ட்சரில் ஸ்ட்ரிங் என்று ஒரு பாயிண்டர் இருக்கிறது, ஆனால் கோர் அதை நிரப்புவது இன்டர்ஃபேஸைப் பதிவுசெய்த பிறகுதான். டிரைவர் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருந்தால் ப்ரோப் அதற்கு முன்பே ஓடிவிடும், பாயிண்டர் வெறுமையாக ('நல்') இருக்கும். சாதனத்தைச் செருகிய பிறகு மாட்யூல் ஏற்றப்பட்டால் அதே பாயிண்டரில் பெயர் இருக்கும். 'முதல் தடவை வந்தது, பிடுங்கிச் செருகினால் வரவில்லை' என்று குழம்ப வைக்கும் பிழை இது. இங்கேதான் இன்டர்ஃபேஸ் டிஸ்கிரிப்டரின் எண்ணைக் கொடுத்து யுஎஸ்பி_ஸ்ட்ரிங்கை நேரடியாக அழைக்க வேண்டும்.

அழைக்கும்போது சில கட்டுப்பாடுகள். அது பதில் வரும்வரை தூங்கும் ஃபங்ஷன். இன்டரப்ட்டிலோ, யுஆர்பி (யுஎஸ்பி கோரிக்கை) முடிவு ஃபங்ஷனிலோ, ஸ்பின்லாக் (தூங்க அனுமதிக்காத பூட்டு) பிடித்துக்கொண்டோ அழைக்கக்கூடாது. சாதனம் சஸ்பெண்ட் நிலையில் இருந்தால் கேட்டுப் பார்க்காமலே பிழை திருப்பும், பொதுவாக -113. ப்ரோப்பில் இந்தத் தொல்லை இல்லை, கோர் சாதனத்தை விழித்த நிலையில் வைத்துக்கொண்டுதான் ப்ரோப்பை அழைக்கிறது. பயனர் நிரல்கள் கேட்கும்போது ஓடும் சிஸ்எஃப்எஸ் கோப்பைப் படிக்கும் ஃபங்ஷனிலோ ஐஆக்டிஎல்லிலோ அழைப்பதானால் முன்னால் சாதனத்தை விழிக்கவைக்கும் யுஎஸ்பி_ஆட்டோபிஎம்_கெட்_இன்டர்ஃபேஸ், பின்னால் அதற்கு இணையான புட் இரண்டும் வேண்டும். வெற்றி என்றால் சரத்தின் கடைசியில் வரும் 0வைச் சேர்க்காமல் பைட் எண்ணிக்கை திரும்பும், தோல்வி என்றால் எதிர்மறை எண். 0 திரும்புவதும் நடக்கும். சாதனம் தலைப்பு 2 பைட்டை மட்டும் அனுப்பியிருக்கலாம். அதைப் பிழையாக எண்ணாமல் பெயர் இல்லாத சாதனமாக நடத்துங்கள்.

உங்கள் சீரியல் நம்பரின் -22க்கு அநேகமாகக் காரணம், சாதனத்தில் சீரியல் நம்பரே இல்லை. 16ஆவது பைட் 0 என்றால் நீங்கள் எண் 0ஐக் கொடுத்து அழைத்திருப்பீர்கள், யுஎஸ்பி_ஸ்ட்ரிங் அதை வாசலிலேயே -22 என்று திருப்பிவிடும். அநேகமாக என்று சொல்வதற்குக் காரணம், 2 பைட்டுக்கும் குறைவாகப் பதில் தரும் கெட்ட ஃபர்ம்வேருக்கும் இதே -22தான் வரும். பிரித்தறிய, கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெசேஜைப் பாருங்கள். புதிய சாதனத்தை அறிவிக்கும் தேர்வு கெர்னலில் இயக்கப்பட்டிருந்தால், மூன்று எண்களையும் காட்டும் ஒரு வரி இருக்கும். அதில் சீரியல்நம்பருக்கு நேரே 0 என்றால் உரை இல்லை, விஷயம் முடிந்தது. 3 என்று இருந்து, அடியில் சீரியல்நம்பருக்கான தனி வரி இல்லாவிட்டால், உரை உண்டு ஆனால் படிக்க முடியவில்லை. யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை காட்டும் பெயரை வைத்து முடிவு கட்டாதீர்கள். விற்பனையாளர் எண்ணுக்குப் பக்கத்தில் அது அச்சிடும் பெயர் கணினியில் உள்ள ஒரு பட்டியலிலிருந்து வரலாம், சாதனம் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை.

இப்போது 5 வினாடி. இதைப் புரிந்துகொள்ள மேலே கொடுத்த எட்டு பைட் பதிலுக்கே திரும்ப வேண்டும். கோர் முதலில் 255 பைட் வாங்கத் தயார் என்று கேட்கிறது. சாதனத்திடம் இருப்பதோ 8. பதில் முடிந்துவிட்டது என்பதை ஹோஸ்ட் (கேட்கும் கணினி) எப்படித் தெரிந்துகொள்ளும்? கண்ட்ரோல் கோரிக்கைகள் போய்வரும் வழியான எண்ட்பாயிண்ட் 0இன் பாக்கெட் அளவைவிடச் சிறிய பாக்கெட் வந்தால் அதுவே முடிவுக்கு அடையாளம். பாக்கெட் அளவு 64 என்றால் 8 பைட் சிறிய பாக்கெட், சிக்கல் இல்லை. பாக்கெட் அளவு 8 என்றால், லோ ஸ்பீட் சாதனங்களில் எப்போதும் 8தான், இந்தப் பதில் ஒரு முழுப் பாக்கெட். ஹோஸ்ட் இன்னும் வரும் என்று காத்திருக்கும். அப்போது சாதனம் 0 பைட் நீளமுள்ள வெறும் பாக்கெட் ஒன்றை அனுப்பி முடிக்க வேண்டும் என்பது யுஎஸ்பி விதி. சொந்தமாக எழுதப்பட்ட ஃபர்ம்வேர்களில் அடிக்கடி விட்டுப்போவது இந்த வெறும் பாக்கெட்தான். அது வராததால் ஹோஸ்ட் 5000 மில்லிவினாடி காத்திருந்து கைவிடுகிறது.

அதன்பிறகும் உங்களுக்குப் பெயர் வருகிறது அல்லவா, அது கோரின் இரண்டாவது முயற்சி. முதலில் 2 பைட் மட்டும் கேட்டுத் தலைப்பை வாங்கி, அதிலுள்ள நீளத்தை எடுத்து, சரியாக 8 பைட் என்று கேட்கிறது. கேட்டதும் வந்ததும் சமமாக இருந்தால் வெறும் பாக்கெட்டுக்கு வேலையே இல்லை. அதனால் வெற்றி. இந்த நோய் பெயரின் நீளத்தைப் பொறுத்தே வெளிப்படும். பாக்கெட் அளவு 8 என்றால் 3, 7, 11, 15 அலகு நீளப் பெயர்களில் தொங்கும். பாக்கெட் அளவு 64 என்றால் 31, 63, 95 அலகுகளில். ஒரு போர்டில் ஓடி இன்னொன்றில் தொங்குவதற்கும், ப்ராடக்ட் பெயரில் ஓர் எழுத்தைச் சேர்த்ததும் பிரச்சினை மாயமாக மறைவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால் இதைச் சோதித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. சரிசெய்ய வேண்டிய இடமும் ஃபர்ம்வேர்தான். பெயரை நீட்டித் தப்பித்துவிடாதீர்கள், மற்ற டிஸ்கிரிப்டர்களிலும் அதே பிழை காத்திருக்கும்.

இதே தாமதம் உங்கள் ப்ரோப்புக்கு முன்பே, கோர் அந்தப் பெயரைப் படிக்கும்போதும் நடந்திருக்க வேண்டும். டிமெசேஜில் 'புதிய ஃபுல் ஸ்பீட் சாதனம்' என்ற பொருளில் வரும் வரிக்கும் விற்பனையாளர் எண்ணைச் சொல்லும் அடுத்த வரிக்கும் இடையே 5 வினாடி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் டிரைவர் குற்றவாளி அல்ல. ஃபர்ம்வேரை மாற்ற முடியாத சாதனம் என்றால் யுஎஸ்பிகோர் மாட்யூலின் குவிர்க்ஸ் (கோளாறுள்ள சாதனங்களுக்கான விதிவிலக்குகள்) அளவுருவில் விற்பனையாளர் எண், ப்ராடக்ட் எண், அதன்பின் சின்ன ரோமன் 'ஏ' எழுத்து, மூன்றையும் முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சாதனத்தைப் பிடுங்கிச் செருகுங்கள். 255 பைட் முயற்சியைக் கோர் முழுவதுமாக விட்டுவிட்டு நேரே இரண்டு கட்டமாகக் கேட்கும். பலருக்கும் போய்ச்சேரும் சாதனம் என்றால் அதைக் கெர்னலின் குவிர்க்ஸ் பட்டியலில் சேர்க்க பேட்ச் அனுப்புவதே முறை.

கோருக்குள் இன்னும் சில வைத்தியங்கள் உண்டு. வெற்றுப் பதிலோ -32ஓ வந்தால் மூன்று முறை வரை கேட்டுப் பார்க்கும். தலைப்பின் இரண்டு பைட்டும் 0ஆக வந்து பின்னால் படிக்கத்தக்க எழுத்து இருந்தால் நீளத்தைத் தானே ஊகித்துக்கொள்ளும். நீளம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒன்றைக் குறைக்கும். தலைப்பு சொல்லும் நீளம் உண்மையில் வந்ததைவிடப் பெரிதாக இருந்தால் வந்ததை மட்டும் நம்பும். இவற்றையெல்லாம் உங்கள் டிரைவரில் மறுபடி எழுதுவதில் எந்த லாபமும் இல்லை.

வேறு மொழிக் குறியீடு வேண்டும் என்பது போன்ற உண்மையான காரணம் இருந்து நீங்களே எழுதினால், பஃபர் கெர்னலின் நினைவக ஒதுக்கீட்டு ஃபங்ஷனான கேமல்லாக்கில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஸ்டாக்கில் உள்ள அரேயைக் கொடுத்தால் 'டிரான்ஸ்ஃபர் பஃபர் ஸ்டாக்கில் இருக்கிறது' என்ற எச்சரிக்கையோடு -11 வரும், ஏனென்றால் டிஎம்ஏ (சிபியு இல்லாமல் வன்பொருளே நினைவகத்தில் நேரடியாக எழுதும் முறை) அந்த நினைவகத்துக்குள் எழுத முடியாது. யுஎஸ்பி_ஸ்ட்ரிங்குக்குக் கொடுக்கும் பஃபருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை, அது உள்ளே தனியாக எடுத்துக்கொண்டு நகலெடுத்துத் தருகிறது. 5.10இல் வந்த யுஎஸ்பி_கண்ட்ரோல்_எம்எஸ்ஜி_ரிசீவ் ஸ்டாக் பஃபரை ஏற்கும் என்பதால் அதை எடுக்கத் தோன்றும். ஆனால் அது கேட்ட நீளம் முழுதும் வராவிட்டால் பிழை என்று திருப்பிவிடும். நீளம் தெரியாத உரையை 255 என்று கேட்க அது உதவாது, 2 பைட் தலைப்பு, பிறகு சரியான நீளம் என்று இரண்டு கட்டமாகக் கேட்டால் பொருந்தும். வகை பைட் 3தானா, வந்த நீளமும் தலைப்பில் உள்ள நீளமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே யுடிஎஃப்16எஸ்_டு_யுடிஎஃப்8எஸ் ஃபங்ஷனிடம் லிட்டில் எண்டியன் என்று சொல்லிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உரைகள் யார் வேண்டுமானாலும் செருகக்கூடிய ஒரு சாதனம் அனுப்புபவை. அவற்றை, கெர்னலின் அச்சிடும் ஃபங்ஷனான பிரிண்ட்கேவின் ஃபார்மேட் இடத்தில் நேரடியாகக் கொடுப்பது பாதுகாப்பு ஓட்டை. எப்போதும் சதவீதக்குறி எஸ் வழியாகவே அச்சிடுங்கள். சாதனத்தை அடையாளம் காண விற்பனையாளர் எண்ணும் ப்ராடக்ட் எண்ணும்தான் முறை. பல பேர் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்ளும் சாதனங்களில், உதாரணமாகச் சிறு சில்லுகளில் யுஎஸ்பியை மென்பொருளாலேயே இயக்கும் வி-யுஎஸ்பி திட்டத்தின் இலவச எண்களில், பெயரையும் ஒப்பிட வேண்டியிருக்கும். அங்கே மட்டும் ஒப்பிடுங்கள். சீரியல் நம்பர் தனித்துவமானது என்று நம்பி எதையும் கட்டாதீர்கள், மலிவான சாதனங்களில் எல்லாவற்றிலும் ஒரே எண் பதிந்திருப்பது சகஜம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் சீரியலை மாற்றிச் சொல்லும் ஃபர்ம்வேர் இன்னும் மோசம். ரீசெட்டுக்குப் பிறகு கோர் சீரியலை மறுபடி படித்துப் பழையதோடு ஒப்பிடுகிறது. மாறியிருந்தால் அது வேறு சாதனம் என்று முடிவு செய்து பழையதைக் கழற்றிவிடும்.

விண்டோஸில் கேஎம்டிஎஃப் (அதன் கெர்னல் டிரைவர் கட்டமைப்பு) கொண்டு டிரைவர் எழுதுவோருக்கு ஒரு வரி: அங்கே டபிள்யூடிஎஃப்யுஎஸ்பிடார்கெட்டிவைஸ்அல்லாக்அண்ட்குவெரிஸ்ட்ரிங் இதே வேலையைச் செய்கிறது. நீளம் பைட்டில் அல்ல, எழுத்து அலகில் வரும், கடைசியில் 0 இருக்காது.

உங்கள் 5 வினாடிக்கு நான் சொன்ன காரணம் அறிகுறிகளோடு நன்றாகப் பொருந்துகிறது, ஆனால் யுஎஸ்பி போக்குவரத்தைக் கண்காணிக்கும் யுஎஸ்பிமானின் பதிவைப் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. மோசமான கேபிளோ ஹப்போ கூட டைம்அவுட் தரும். யுஎஸ்பிமான் மாட்யூலை ஏற்றி, கெர்னலின் பிழைதேடல் கோப்புகள் இருக்கும் டிபக்எஃப்எஸ்ஸில் உள்ள அதன் அடைவிலிருந்து சாதனம் இருக்கும் பஸ்ஸின் 'யு' கோப்பைப் பதிவு செய்துகொண்டே சாதனத்தைச் செருகுங்கள். 80 06 0302 0409 என்று தொடங்கும் கோரிக்கையைத் தேடி, அதற்கான முடிவு வரியைப் பாருங்கள். நேர முத்திரை மைக்ரோவினாடியில் இருக்கும். இரண்டுக்கும் 50 லட்சம் வித்தியாசமும், நிலை -2 (ஹோஸ்ட் கோரிக்கையைக் கைவிட்டது) என்றும், வந்த பைட் எண்ணிக்கை பாக்கெட் அளவின் முழு மடங்காகவும் இருந்தால் அது வெறும் பாக்கெட் விடுபட்ட நோய்தான். ஒரு பைட்டும் வரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த இரண்டு வரிகளையும், டிவைஸ் டிஸ்கிரிப்டரின் 7ஆவது பைட்டில் உள்ள பாக்கெட் அளவையும், கெர்னல் பதிப்பையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.